இடது கன்னத்து மை

முன்னொரு காலத்தில் மருதக்கோட்டையைக் கொற்றவேல் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் ஒரு விஷயம் தெரிய வேண்டுமென்று தோன்றிவிட்டால், தெரிகிற வரைக்கும் அவருக்குச் சோறு இறங்காது.

அரண்மனையில் ஓலை எழுதுகிற மண்டபம் ஒன்று இருந்தது. பன்னிரண்டு பேர் வரிசையாகப் பலகை போட்டு உட்கார்ந்து எழுத்தாணியால் கீறுவார்கள். கீறின எழுத்து சட்டென்று கண்ணுக்குத் தெரியாது. மூலையில் இருக்கும் பவளாயி, விளக்குக்கரியைக் கோவையிலைச் சாற்றில் குழைத்து ஓலைமேல் தேய்த்தால்தான் பளிச்சென்று தெரியும். அவள் பெற்ற கைக்குழந்தை பக்கத்திலேயே தூளியில் தூங்கும்.

மழைக்கு முன்னால் ஏரிக்கரையைப் பலப்படுத்தச் சொல்லி எண்பது ஊருக்கு ஓலை போகவேண்டும். பத்து நாளாகியும் இருபதுகூட முடியவில்லை.

"காலையில வந்தா சாயங்காலம்தான் போறாங்க. அப்புறம் நேரமெல்லாம் எங்கேய்யா போகுது?" என்று ராஜா ஆச்சரியப்பட்டார்.

மண்டபத்து அதிகாரி திருவம்பலர் முந்திக்கொண்டார். பவளாயியின் வேலையை ராஜா ஒருதரம் புகழ்ந்ததிலிருந்தே அவருக்கு அவளைக் கண்டால் ஆகாது.

"எல்லாம் அந்தத் தூளியால வந்தது மகாராஜா. பிள்ளை வீல்வீல்னு கத்தினா யாருக்குக் கை ஓடும்? அவளை அனுப்பிட்டா நாலே நாள்ல முடிஞ்சிடும்."

"சரி, அனுப்பிடும்."

பவளாயி ஓடிவந்து ராஜா முன்னால் நின்றாள். வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் கிடையாது. குனிந்த தலை நிமிராமலே சொன்னாள்: "பிள்ளை அழுவுறது நிஜம்தான் மகாராஜா. ஏன் அழுவுதுன்னு தெரிஞ்சுக்க வேணாமா?"

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏன்?"

"நாளைக்கு உச்சிவேளைக்கு நீங்களே வந்து பாருங்க. அதுவரைக்கும் என்னை அனுப்பாதீங்க."

மறுநாள் யாரும் வருமுன்னே அவள் வந்தாள். திருவம்பலரின் எழுத்தாணிக்கு எருமைக்கொம்புப் பிடி. அந்தக் கறுப்பில் துணியால் மையைத் தொட்டு நன்றாகப் பூசிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி மூலையில் உட்கார்ந்துகொண்டாள். திருவம்பலர் கவனிக்கவில்லை. அடுத்தவர் பலகையைப் பார்க்கவே அவருக்குக் கண் போதாது, தன் கையை எங்கே பார்ப்பது?

உச்சிவேளைக்கு ராஜா வந்தார். முதல் பலகையில் ஒரு கறுப்பு விரல் தடம்.

"இது என்னய்யா?"

எழுதுகிற நாகலிங்கம் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அதிகாரி என் எழுத்தாணியை எடுத்துட்டுப் போனாருங்க. இன்னும் தரலை."

அடுத்தவர் தோளில் ஐந்து விரல். "தட்டிக் கூப்பிட்டு அவர் மச்சான் கதையைச் சொன்னாருங்க. ரெண்டு வரி கோணிப்போச்சு."

அதற்கடுத்தவரின் கட்டுச்சோற்று மூட்டையிலும் விரல். "புளி தூக்கலா இருக்குன்னாருங்க. பாதிதான் மிச்சம்."

ராஜா எறும்புச் சாரியைத் தொடரும் பிள்ளை மாதிரி விரல் விரலாகப் பார்த்துக்கொண்டே மூலைக்கு வந்து சேர்ந்தார்.

"மகாராஜா, மை இவகிட்டதானே இருக்கு? இவளே தடவியிருப்பா!" என்று திருவம்பலர் கத்தினார்.

பவளாயி குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். "திருஷ்டிப் பொட்டு நான் வலது கன்னத்துல வச்சேன். இடது கன்னத்துல பாருங்க மகாராஜா. என் விரல் இவ்வளவு தடிமனா?"

கிள்ளின இடத்தில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கறுப்பாகப் பதிந்திருந்தன.

"கையை நீட்டும் ஓய்!"

திருவம்பலர் நீட்டினார். சட்டிக்கரி தோற்றது.

"கொஞ்சினேன் மகாராஜா..."

"நீர் கொஞ்சினா அது கத்துது. அது கத்தினா பன்னிரண்டு கையும் நிக்குது. எண்பது ஓலையும் முடியற வரைக்கும் வாயைத் திறக்காம நீரே தூளி ஆட்டும். பவளாயி, இனிமே மண்டபத்து ஒழுங்கு உன் பொறுப்பு. வேற இடைஞ்சல் உண்டா?"

அவள் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

"சொல்லும்மா, பயப்படாதே."

"வாசல்ல வந்து 'முடிஞ்சுதா, முடிஞ்சுதா'ன்னு ஒரு குரல் கேக்குதுங்க. உடனே எல்லாரும் எழுந்து கும்பிடணும். நேத்து மட்டும் ஒன்பது தடவை."

பன்னிரண்டு பேரும் ராஜாவின் முகத்தைப் பார்த்தார்கள். ராஜா தாடியைத் தடவினார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார்.

மறுநாள் வாசல் தூணில் மெல்லத் தட்டும் சத்தம். "உள்ளே வரலாமா?" என்று ராஜா கிசுகிசுத்தார்.

பவளாயி ஓலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இந்த வரி முடியட்டும் மகாராஜா."

திருவம்பலர் தூளி ஆட்டிக்கொண்டிருந்தார். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அது என்ன வரியாக இருக்கும் என்று கழுத்தை எட்டி எட்டிப் பார்த்தபடி, ராஜா வாசலிலேயே நின்றார்.