அம்மிக்கு நாடி பார்த்தவர்கள்

இந்தக் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அங்கே பந்தி பரிமாறிய சௌந்தரபாண்டி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் கூட்டிச் சொல்கிறவரா என்று இரண்டு பேரிடம் விசாரித்தேன். சாம்பாரில் தண்ணீர் கூட்டுவாரே தவிர பேச்சில் எதையும் கூட்ட மாட்டார் என்றார்கள். அதனால் எழுதுகிறேன்.

கூழாங்குளத்துக்காரர்களுக்கு மூளை இல்லை என்று பக்கத்து ஊர்களில் சொல்வார்கள். அது தவறு. எல்லாருக்கும் இருந்தது. மேல் காகிதம்கூடப் பிரிக்காமல் புத்தம் புதிதாக வைத்திருந்தார்கள்.

திருவிழாக் கூட்டத்தில் யாராவது மயங்கி விழுந்தால் பார்த்துக்கொள்ள ஊருக்கு ஒரு முதலுதவிக் குழு வேண்டுமென்று சுகாதார நிலையத்திலிருந்து நர்சு லூர்துமேரி வந்தார். சன்னாசி, வீரணன், உடையப்பன் என்று மூன்று பேர் சேர்ந்தார்கள். சேவை மனப்பான்மை என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆளுக்கு ஒரு பச்சைத் தொப்பியும் விசிலும் கொடுத்தார்கள், அதனால் சேர்ந்தார்கள். சன்னாசிக்குக் கிடைத்த தொப்பி மற்ற இரண்டையும்விடப் பெரிதாக இருந்ததால் அவர் தலைவரானார்.

நர்சம்மா சுவரில் ஒரு படத்தைத் தொங்கவிட்டார். தோலை உரித்துக் காட்டிய மனிதன். விலா எலும்பு, நுரையீரல், குடல் எல்லாம் அடுக்காக இருந்தன. சிவப்புக் குழாயும் நீலக் குழாயும் உடம்பெங்கும் ஓடின. நடுநடுவே மஞ்சள் நிறத்தில் நரம்புகள்.

“செவப்பு நல்ல தண்ணி, நீலம் உப்புத் தண்ணி,” என்று உடையப்பன் மற்ற இருவருக்கும் விளக்கினார். “நம்ம தெருவுலயும் ரெண்டு லைன் போகுதுல்ல, அதே கணக்கு.”

“அப்ப மஞ்ச?”

“கரண்டு.”

வீரணனுக்குச் சந்தேகம். “கரண்டுன்னா மீட்டர் இருக்கணுமே?”

மூவரும் சட்டையைத் தூக்கித் தேடினார்கள். சன்னாசி தொப்புளைக் கண்டுபிடித்தார். “இந்தா இருக்கு பாரு. ரீடிங் எடுக்க ஆள் வராம தூர்ந்து போச்சு.”

நர்சம்மா காதில் விழாததுபோல் மேலே சொன்னார். “விழுந்தவங்க மணிக்கட்டுல ரெண்டு விரலை வச்சுப் பாருங்க. துடிச்சா உயிர் இருக்குன்னு அர்த்தம். உயிர் இருந்தா யாரும் அவங்களை மிதிச்சிடாம காவல் நில்லுங்க. கூட்டத்தை விலக்குங்க, காத்து வரட்டும். ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. ஒருத்தர் பார்த்துச் சொன்னா போதும், மத்தவங்க நம்புங்க. ஆளாளுக்குக் கையப் பிடிச்சு இழுக்கக் கூடாது.”

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. படத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். எந்த விரல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமென்று யாருக்குத்தான் தோன்றும்?

நர்சம்மாவின் பஸ் ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் குழுவின் முதல் கூட்டம் தொடங்கியது.

“மொத்தம் பத்து விரல் இருக்கு,” என்றார் சன்னாசி. “எந்த ரெண்டு?”

“சுண்டு விரல் ரெண்டையும் வைப்போம்ணே,” என்றார் வீரணன்.

“அதுக என்னத்தைக் கண்டுச்சுக? சின்னப் பயலுக மாதிரி ஓரத்துல நிக்கிறதுக.”

“ஆள்காட்டி விரல்?”

“அது கோள் சொல்ற விரல்டா. அவனப் பாரு, இவனப் பாருன்னு அடுத்தவனையே காட்டிக்கிட்டு இருக்கும். அதை நம்பி ஒரு உசுர ஒப்படைக்கவா?”

எல்லாரும் அவரவர் கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் சன்னாசி தொப்பியைச் சரிசெய்துகொண்டார். “பத்திர ஆபீசுல எதை வைக்கச் சொல்றான்? ரேசன் கடையில எதை வைக்கச் சொல்றான்? கட்டை விரல். கவர்மெண்டே நம்புற விரல் அது ஒண்ணுதான். இந்தக் கையில ஒண்ணு, அந்தக் கையில ஒண்ணு. ரெண்டாச்சா?”

“ஆச்சுண்ணே.”

ஒருவர் மணிக்கட்டில் ஒருவர் இரண்டு கட்டை விரலையும் அழுத்திப் பார்த்தார்கள். துடித்தது. மூவருக்கும் உயிர் இருப்பது அன்றுதான் அதிகாரபூர்வமாகத் தெரிந்தது. சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள்.

உடையப்பனின் வீட்டில் அவர் மனைவி பூசணிக்காயை அரிவாள்மணைக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தாள். எதற்கும் இருக்கட்டுமென்று உடையப்பன் கட்டை விரல்களை அதன்மேல் வைத்தார். துடித்தது. அன்று அந்த வீட்டில் ரசம் மட்டும்தான். பூசணிக்காயைப் பாயில் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். எந்தப் பக்கம் படுக்க வைத்தாலும் அது ஒருக்களித்ததா மல்லாந்ததா என்று தெரியவில்லை. மற்ற இருவரையும் வரவழைத்து, மூவரும் சுற்றி உட்கார்ந்து பொழுது சாயும்வரை உருட்டினார்கள்.

அடுத்தது சோளக்கொல்லையில் காற்றுக்குச் சாய்ந்து கிடந்த வைக்கோல் பொம்மை. வீரணன் தொட்டுப் பார்த்து, “உசுரு இருக்கு, ஆனா பேச்சில்ல,” என்றார். பகல் முழுக்க விசில் ஊதிக் காவல் நின்றார்கள். பொம்மை விழுந்துவிட்டதால் காக்கைகள் நிம்மதியாகச் சோளத்தைத் தின்றன. கொல்லைக்காரர் வந்து பார்த்தார். ஓர் உயிரைக் காப்பாற்றினீர்களே என்று கண் கலங்கினார். அவரும் கூழாங்குளம்தான்.

இந்தப் பெருமையோடுதான் குழு தவமணியின் கல்யாணப் பந்தலுக்குக் காவல் வந்தது.

தவமணி அந்த ஊர்ப் பெண். ஆனால் டவுனில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். மாப்பிள்ளை ரத்தினவேல் அங்கே ரத்தம் கொடுக்க வந்து, ஊசியைக் கண்டதும் அவள் மடியிலேயே மயங்கி விழுந்தவன். எழுந்தவன் அவளைத் தவிர வேறு யாரையும் கட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டான். அவனுடைய தாய்மாமன் குமரப்பனுக்கு இது பிடிக்கவில்லை. தன் மகளை அவனுக்குக் கொடுக்க வேண்டுமென்பது அவருடைய நெடுநாள் எண்ணம். வேறு வழியில்லாமல் சம்மதித்தார். ராகு காலம் தொடங்குமுன் தாலி ஏறாவிட்டால் மாப்பிள்ளையை வேனில் ஏற்றிக்கொண்டு போய்விடுவேன், பிறகு இந்தச் சம்பந்தப் பேச்சே கிடையாது என்று காலையிலேயே அறிவித்தும் விட்டார். ஏதாவது தடங்கல் வராதா என்று பந்தலைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

கூழாங்குளத்து வழக்கப்படி பெண் அம்மி மிதித்த பிறகுதான் தாலி. மற்ற ஊர்களில் முறை வேறாக இருக்கலாம். மஞ்சள் பூசிய அம்மியைக் கொண்டுவந்து வைத்தார்கள். ரத்தினவேல் குனிந்து தவமணியின் காலைத் தூக்கினான். அம்மி ஆடக்கூடாதென்று வீரணன் இரண்டு கட்டை விரலாலும் அழுத்திப் பிடித்தார்.

பிடித்தவர் முகம் மாறியது. விசிலை எடுத்து ஊதினார்.

“காலை எடும்மா! உசுரு இருக்கு!”

மேளம் நின்றது. சன்னாசியும் உடையப்பனும் ஓடிவந்து கூட்டத்தை விலக்கினார்கள். அம்மியை ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். உடையப்பன் ஒரு பனையோலை விசிறியைப் பிடுங்கி அதற்கு வீச ஆரம்பித்தார்.

“அண்ணே,” என்றாள் தவமணி, பொறுமையாக. “அது கல்லு.”

“கல்லோ மண்ணோ, நாடி அடிக்குதும்மா.”

“நேத்து வரைக்கும் அதுலதானே மொளகா அரைச்சோம்?”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். “அதான் உடம்பு இப்படித் தேஞ்சு கெடக்கு,” என்றார் சன்னாசி. “வாய் விட்டு ஒரு வார்த்தை சொல்லலியே.”

குமரப்பன் முன்னால் வந்தார். அவர் கூழாங்குளத்துக்காரர் இல்லை. அம்மிக்கு உயிர் இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனால் காலையிலிருந்து அவர் தேடிய தடங்கல் இதுதான். அதைக் கெடுத்துக்கொள்ள விரும்பவில்லை. எனினும் முறைக்கு ஓர் அதட்டல் போட்டார். “என்னய்யா விளையாட்டு இது? எடுங்கய்யா கையை!”

வீரணன் பயந்துபோனார், ஆனால் விரலை எடுக்கவில்லை. “ஐயோ, மெதுவாப் பேசுங்க! நீங்க அதட்டினதும் அம்மிக்கு நாடி எகிறுது. பயந்த சுபாவம்போல.”

பக்கத்து வீட்டு அம்மியைக் கொண்டுவரச் சொன்னார் தவமணியின் அப்பா சின்னழகு. தூக்க முடியாமல் தூக்கிவந்தார்கள். வீரணன் மூச்சிரைக்க அதையும் தொட்டுப் பார்த்தார். “இது இன்னும் மோசம். ஓடி வந்த மாதிரி அடிக்குது.” செங்கலுக்கு அடித்தது. மணைப்பலகைக்கு அடித்தது. அரிசி மூட்டைக்கும் அடித்தது. உட்கார்ந்திருந்தவர்கள் நாற்காலியை விட்டு ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். இத்தனை காலம் யார் மடியில் உட்கார்ந்திருந்தோம் என்ற கூச்சம்.

“அப்பா, நீங்களாவது சொல்லுங்கப்பா,” என்றாள் தவமணி.

“எப்படித் தாயி? கல்யாணத்தன்னைக்கு ஒரு உசுர மிதிச்சா உனக்கு நல்லா இருக்குமா?” என்று சின்னழகு துண்டால் கண்ணைத் துடைத்தார்.

“அப்ப மிதிக்காமலே தாலி கட்டட்டும்.”

“அது நடக்காது,” என்றார் குமரப்பன். “மிதிக்காமக் கட்டின தாலி எங்க வகையறாவுல செல்லாது. ராகு காலம் வரப் போகுது. டேய் ரத்தினம், வேட்டிய மடிச்சுக் கட்டு. கிளம்பலாம்.”

ரத்தினவேல் ஊசிக்கு அடுத்தபடியாகப் பயப்படுவது மாமாவுக்குத்தான். மடித்துக் கட்ட வேட்டி நுனியைப் பிடித்தான். அவன் கண் கலங்கியதைத் தவமணி பார்த்தாள்.

“மாமா, ஒரு நிமிஷம். நாடி இல்லாத எதையாவது மிதிச்சா உங்களுக்குச் சம்மதமா?”

குமரப்பன் பந்தலைச் சுற்றிப் பார்த்துச் சிரித்தார். “தாராளமா மிதி. இந்த ஊர்ல அப்படி ஒண்ணு இருந்தா.”

“நர்சம்மா என்னண்ணே சொன்னாங்க? ஒருத்தர் பார்த்துச் சொன்னா போதும்தானே?” என்று தவமணி சன்னாசியிடம் கேட்டாள்.

“ஆமா. மத்தவங்க நம்பணும். அது சட்டம்.”

தவமணி குமரப்பனின் கையைப் பிடித்தாள். ஆசீர்வாதம் கேட்கிறாள் என்று நினைத்து அவரும் நீட்டினார். அவள் கையைக் கவிழ்த்து, மணிக்கட்டின் பின்புறம், சுண்டு விரலுக்கு நேர்மேலே தன் இரண்டு விரல்களை வைத்தாள். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றாள்.

“அண்ணே, இங்க அடிக்கலையே.”

சன்னாசி தொப்பியைக் கழற்றினார். மற்ற இருவரும் கழற்றினார்கள்.

“எப்ப ஆச்சு?” என்று சின்னழகு தணிந்த குரலில் கேட்டார்.

“என்னது எப்ப ஆச்சு? நான் உசுரோடதான்யா நிக்கிறேன்!” என்று கத்தினார் குமரப்பன்.

“பேசுறாரே?” என்றார் உடையப்பன், சந்தேகமாக.

சன்னாசி யோசித்தே பதில் சொன்னார். “அந்தப் பூசணிக்கா பேசல, நாடி இருந்துச்சு. இவரு பேசுறாரு, நாடி இல்ல. நர்சம்மா நாடியைத்தான் பார்க்கச் சொன்னாங்க. பேச்சைப் பார்க்கச் சொல்லல.”

“காலையில காப்பி குடிச்சாருண்ணே.”

“கடைசிக் காப்பி.”

தலைக்கு ஒருவர், இடுப்புக்கு ஒருவர், காலுக்கு ஒருவராகக் குமரப்பனைத் தூக்கினார்கள். அவர் உதைத்தார். விறைப்பு இன்னும் முழுதாக ஏறவில்லை என்று வீரணன் மற்றவர்களுக்குச் சொன்னார். யாரோ ஒரு மாலையைப் போட்டார்கள். சின்னழகு நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு வைத்தார். மல்லாக்கக் கிடத்தினால் தொப்பைமேல் பெண்ணுக்குக் கால் நழுவும் என்று குப்புறப் போட்டார்கள். காசு உருண்டு போயிற்று.

“விலாப் பக்கம் அழுத்தாதம்மா,” என்று சன்னாசி எச்சரித்தார். “படத்துல சோடி சோடியா இருந்துச்சு. கொறைஞ்சா வீட்டாளுக கேப்பாக.”

தவமணி கால் பெருவிரல் நுனியை மட்டும் குமரப்பனின் முதுகில் வைத்தாள். “மன்னிச்சுக்குங்க மாமா,” என்றாள். ரத்தினவேல் அவள் காலைப் பிடித்து மெட்டி போட்டான். பிறகு எழுந்து, கை நடுங்காமல் மூன்று முடிச்சும் போட்டுவிட்டான். செத்தவருக்குப் பயப்படத் தேவையில்லை என்று நினைத்தானோ என்னவோ. மேளம் கொட்டியது. அதற்குப் பிறகுதான் ராகு காலம் வந்தது.

வேனில் முன் சீட்டு அம்மிக்கு. போர்வை போர்த்தி, ஒருக்களித்துப் படுக்க வைத்துச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். குமரப்பன் ஏறப் போனார். “உசுரு உள்ளவங்களுக்கே எடம் பத்தல,” என்று கதவைச் சாத்திவிட்டார்கள்.

அவர் திரும்பிப் பந்திக்கு வந்தார். இலை போடலாமா என்று சௌந்தரபாண்டி ஊர்க்காரர்களைக் கேட்டார். படைக்கலாம், எடுத்துச் சாப்பிட மாட்டார் என்றார்கள். குமரப்பன் சாப்பிட்டார். பாயசம் மறுபடி மறுபடி கேட்டார். “ஊத்துப்பா, ஆத்மா சாந்தி அடையட்டும்,” என்று பக்கத்து இலைக்காரர் தன் பங்கையும் நகர்த்தி வைத்தார்.

கேட்டதை அப்படியே எழுதிவிடக் கூடாதென்று, டாக்டருக்குப் படிக்கும் ஒருவரிடம் பிறகு விசாரித்தேன். கட்டை விரலுக்குள் ஓடும் ரத்தக் குழாயின் துடிப்பு அந்த விரலுக்கே தெரியுமாம். அதனால் நாடி பார்க்க அதை வைக்கக் கூடாது. மணிக்கட்டில் நாடி பிடிபடுவது உள்ளங்கைப் பக்கம், கட்டை விரலுக்குக் கீழே. பின்புறம், சுண்டு விரலுக்கு நேரே, எப்பேர்ப்பட்ட ஆரோக்கியமான ஆளுக்கும் கையில் தட்டுப்படாது. ஆக, அங்கே அடிக்கவில்லை என்று தவமணி சொன்னது முழு உண்மை. குமரப்பன் செத்திருந்தார் என்பதை மட்டும் என்னால் உறுதி செய்ய முடியவில்லை.