கீழ்ப்பக்க மதில்

“மதிலை இன்னும் ஒரு முழம் உயர்த்த உத்தரவு வேண்டும், அம்மை,” என்றார் சிற்றம்பலம்.

மலை மடத்தின் தலைவி உமையாள் அம்மை கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தார். சிற்றம்பலம் அவருடைய சீடர். வயதில் அவருக்கு மூத்தவர். சரிவில் இருந்த உருளைக்கிழங்குத் தோட்டம் அவர் பொறுப்பு.

சென்ற வாரம் விழுந்த உறைபனியில் கீழ்ப்பாத்திகள் கருகிவிட்டன. மிச்சமும் போனால் விதைக்குக்கூடக் கிழங்கு இராது. மடத்தை நம்பி மலையேறி வருகிற ஏழைகளுக்கு இலை போட முடியாது. சிற்றம்பலத்துக்குத் தூக்கமே போய்விட்டது.

பள்ளத்தாக்கிலிருந்துதான் குளிர் ஏறி வருகிறது என்று, மழைக்காலம் முடிந்ததுமே தோட்டத்தின் கீழ்ப்பக்கம் இடுப்பளவு மதில் கட்டியிருந்தார். அது போதவில்லை போலிருக்கிறது.

இன்றைக்கும் வானத்தில் பொட்டு மேகம் இல்லை, காற்றும் அடங்கிவிட்டது. பகலில் வாங்கிய சூட்டையெல்லாம் மண் வானத்துக்கே கொடுத்துவிடும், தடுக்க ஒரு போர்வை இல்லை என்று புலம்பினார்.

“குளிர் எந்த வழியாக வருகிறது, பார்த்தீரா?”

“குளிரைப் பார்க்க முடியுமா, அம்மை?”

அம்மை தூபக்காலில் தணல் அள்ளிக்கொண்டு தோட்டத்தின் மேட்டுக்கு நடந்தார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சிற்றம்பலத்துக்குக் கால் நிலைகொள்ளவில்லை.

“சாம்பிராணி போட்டால் பனி நின்றுவிடுமா?”

“நிற்காது,” என்று சொல்லிவிட்டு அம்மை சாம்பிராணியைத் தூவினார்.

புகை மேலே போகவில்லை. தலை கவிழ்ந்து, பாத்திகளுக்கு நடுவே பாய்ச்சிய தண்ணீர்போலச் சரிவில் இறங்கியது. சிற்றம்பலம் அதன் பின்னாலேயே போனார்.

மதிலில் முட்டியதும் புகை நின்றது. பக்கவாட்டில் பரவியது. பிறகு மெல்ல உயர்ந்தது. கருகிய செடிகள் முதலில் மூழ்கின. அடுத்து, இன்னும் பச்சையாய் இருந்தவை. புகையோடு தேங்கிய குளிரில் அவருக்கு முழங்கால்வரை விறைத்துப்போயிற்று.

பிறகு போய்க் கடப்பாரையை எடுத்து வந்தார்.

“உயர்த்தப் போகிறீரா?”

சிற்றம்பலம் தலையசைத்து மறுத்தார்.

“எந்த இடத்தில் இடிக்க, அம்மை?”

“அது காத்து நிற்கிற இடத்தில்.”