இளவரசன் பெயரும் நான்கு கேள்விகளும்

அன்று மைதானத்தில் நின்றவர்கள் யார் யார் என்று கேளுங்கள். ராஜா ஒருவர். அவர் மகன் ஒருவன். போருக்கென்று எண்ணெய் பூசப்பட்ட ஆசாரியர் ஒருவர். மூப்பர்கள் எழுபத்தொருவர். ஈட்டி பிடித்தவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். அவர்களைச் சுருளில் எழுதும் கணக்கர் செமாயா. உங்கள் பாட்டனுக்குப் பாட்டனும் பிறக்காத காலத்தில், யூதரின் மலைநாடு ஒன்றில் இது நடந்தது.

அடுத்த ஊர்க்காரர்கள் தங்கள் திராட்சைத் தோட்டத்தில் ஒரு காவல் கோபுரம் கட்டியிருந்தார்கள். ராஜாவுக்கு அது பிடிக்கவில்லை.

"அதன் மேலே யார் இருக்கிறார்கள்?" என்று ஆசாரியர் கேட்டார்.

"ஒரு கிழவன், ஒரு கவண், ஒரு கூடை கல்," என்றார் செமாயா. "நரி விரட்டுகிறான்."

"இன்றைக்கு நரி, நாளைக்கு நாம்," என்றார் ராஜா. "நாட்டுக்கு ஆபத்து. மூப்பர்களே, என்ன சொல்கிறீர்கள்?"

எழுபத்தொரு தலைகளும் ஆடின. அதில் இரண்டு தூக்கத்தில் ஆடின. செமாயா அவற்றையும் எண்ணினார்.

அந்த மக்களின் வேதச் சட்டத்தில் போர் இரண்டு வகை. எதிரி மேலே வந்து விழுந்தால் அது கட்டளைப் போர். மணவறையில் இருக்கும் மாப்பிள்ளையும் எழுந்து வரவேண்டும். ராஜா தானாகத் தேடிப் போனால் அது விருப்பப் போர். அதற்குமுன் படையிடம் நான்கு கேள்விகள் கேட்டு, ஆம் என்பவனை வீட்டுக்கு அனுப்பியே ஆகவேண்டும்.

"கேள்வி வேண்டாம். இது கட்டளைப் போர்," என்றார் ராஜா.

புது வீடு கட்டியவன் ஒருவன் கெஞ்சினான். முடியாது என்றார். புதுத் திராட்சைக்கொடி நட்டவன் கெஞ்சினான். முடியாது என்றார். பெண் நிச்சயமானவன் கெஞ்சினான். முடியவே முடியாது என்றார்.

செமாயா கூச்சக்காரர். நாலு பேர் பார்த்தாலே தலையைக் குனிந்துகொள்வார். ஆனால் சுருளில் ஒரு பெயர் தவறினால் கணக்கர் தலை போகும் என்பது அதே ராஜா போட்ட சட்டம். எனவே நானூற்றுப் பதின்மூன்றாவதாக இளவரசன் பெயரை எழுதினார்.

"அதை அழி," என்றார் ராஜா. "பிள்ளைக்குக் கல்யாணமாகி நாலு நாள்தான் ஆகிறது."

"அழிக்கிறேன், ராஜாவே. அப்படியானால் இது விருப்பப் போர். கேள்விகளை வாசிக்கட்டுமா?"

"கட்டளைப் போர் என்றேனே."

"அப்படியானால் இளவரசரை எழுதுகிறேன்."

எழுதினார். ராஜா அழிக்கச் சொன்னார். அழித்தார். மறுபடி எழுதினார். மூன்றாம் முறை சுருளில் ஓட்டையே விழுந்துவிட்டது. படையில் யாரோ சிரித்தார்கள்.

செமாயா எழுதுகோலைக் கீழே வைத்தார். "ராஜாவே, ஒரே போரை இரண்டாக எழுத எனக்குத் தெரியாது. உங்கள் வாயால் ஒன்றைச் சொல்லுங்கள். அதை எழுதுகிறேன்."

ராஜா மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தான்.

"விருப்பப் போர்தான், போ," என்றார் ராஜா.

ஆசாரியர் முன்னே வந்தார். வீடு கட்டிக் குடியேறாதவன் யார்? தொண்ணூற்றாறு பேர் போனார்கள். கொடி நட்டுப் பழம் தின்னாதவன் யார்? நூற்றிருபது பேர் போனார்கள். நிச்சயமாகி மணமுடிக்காதவன் யார்? ஐம்பத்தெட்டுப் பேர் போனார்கள்.

"பயப்படுகிறவன் யார்?" என்று நான்காவதாகக் கேட்டார். யாரும் அசையவில்லை. "எதிரிக்குப் பயப்படுவதை மட்டும் கேட்கவில்லை. நரி விரட்டும் கிழவனைக் குத்திவிட்டுக் கடவுள் முன் நிற்கப் பயப்படுகிறவனும் போகலாம்."

நூற்றிருபத்தொன்பது ஈட்டிகள் தரையில் விழுந்தன. மூப்பர்கள் வெயிலைக் காரணம் சொல்லி முன்பே நழுவியிருந்தார்கள்.

"எத்தனை பேர் மிச்சம்?" என்றார் ராஜா.

"நம் சட்டப்படி கூடி ஜெபிக்கப் பத்துப் பேர் வேண்டும், ராஜாவே. அதற்கே ஒரு ஆள் குறைகிறது. நீங்கள் ஈட்டி எடுத்தால் சரியாகிவிடும்."

ராஜா கீழே கிடந்த ஈட்டிகளைப் பார்த்தார். "எனக்கு முழங்கால் வலி," என்று சொல்லி, மகன் தோளைப் பிடித்தபடி அரண்மனைக்கு நடந்தார்.

ஊரார் பிள்ளைக்குக் கட்டளை, தன் பிள்ளைக்கு விருப்பம் என்று ஆள்பவன் சொல்லும் போரில் நீதி இல்லை.

செமாயா சுருளின் அடியில் எழுதினார்: மிச்சம், ஒன்பது.