புள்ளிக்கு ஒரு முழுக் கட்டம்

ஒரு ஊர்ல, அணைக்கட்டுக்குக் கீழேயே இருக்கிற ஒரு ஊர்ல, இசக்கின்னு ஒருத்தி இருந்தா. கம்ப்யூட்டருக்கு எழுத்து வரையறதுதான் அவ வேலை. காம்பஸ் வெச்சு வட்டம், ஸ்கேல் வெச்சு கோடு, அவ்ளோதான். ஈர்க்குச்சி மாதிரி ஒல்லி எழுத்து. எல்லாத்துக்கும் ஒரே அளவு கட்டம். குண்டு 'ண' ஒடுங்கி உக்காரணும், ஒல்லி 'ர' காலை நீட்டி உக்காரணும். துளியூண்டு புள்ளிக்கும் ஒரு முழுக் கட்டம்! ம் கொட்டு, அப்பதான் சொல்லுவேன்.

அப்புறம் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடைக்குப் போனா. "என்னம்மா, எழுத்து பட்டினி கெடக்கு? விசேஷ வீட்டுக்கு ஆகாது"ன்னுட்டார் கடைக்காரர். அப்புறம் பஸ் ஸ்டாண்டு. "பத்தடி தள்ளி நின்னா கண்ணுக்கே தெரியலையே"ன்னு விரட்டிட்டாங்க. மூணாவதா அணைக்கட்டு ஆபீஸ். இன்ஜினியர் பரமசிவம் சிரிச்சார். "புள்ளிக்கு எதுக்கும்மா இவ்ளோ இடம்? சரி, இன்னிக்கு ஒருநாள் போட்டுப் பாப்போம். தப்பு வந்துச்சுன்னா தூக்கிருவேன்."

அன்னிக்குன்னு பாத்து மழை. சோஓஓன்னு கொட்டுது. அணை நெறைஞ்சுபோச்சு. பன்னெண்டு மதகு ஷட்டரையும் ஒண்ணேகால் அடி, ஒன்றரை அடின்னு கொஞ்சம் கொஞ்சம் தூக்கணும். தண்ணி தொறக்கப்போறோம்னு ஊஊஊன்னு சங்கு ஊதியாச்சு. அந்த ஊர்க்காரங்க சங்குக்கு ஓடமாட்டாங்க. மழையிலயும் படித்துறையில ரெண்டு படி மேல ஏறி நின்னு துணி அலசுவாங்க. எப்பவும் அவ்ளோதான் தண்ணி வரும். இசக்கியோட அம்மாவும் அங்கதான் நிக்கிறா.

அப்போ ஆப்பரேட்டர் கம்ப்யூட்டர்ல, இசக்கியோட எழுத்துல, ஷட்டருக்கு ஒரு வரியா டக் டக் டக்குனு அளவையெல்லாம் அடிச்சார். இன்ஜினியர் பாத்து தலையாட்டினார். ஆப்பரேட்டர் விரல் பட்டனுக்குப் போகுது.

பின்னாடி நின்ன இசக்கி ஸ்கிரீனை உத்துப் பாக்கிறா. ஒவ்வொரு அளவுக்கும் நாலு கட்டம், பன்னெண்டு வரியும் நேரா ஒரே இடத்துல முடியணும். ஏழாவது வரி ஒரு கட்டம் முன்னாடியே நின்னுருச்சு. ஐயோ, நம்ம எழுத்துதான் தப்பாப்போச்சா? சொன்னா தூக்கிருவாரே! வாயைத் திறக்கிறா, மூடுறா. தூங்கிட்டியா? ம்... கேளு.

விரல் பட்டனைத் தொட்டாச்சு.

"சார், நிறுத்துங்க! என் எழுத்துல தப்பு இருக்கு. ஏழாவது வரி குட்டை!"

இன்ஜினியர் எரிச்சலோட குனிஞ்சு பாத்தார். "ஒண்ணு... ரெண்டு... அஞ்சு. நடுவுல புள்ளி எங்கய்யா?"

ஆப்பரேட்டர் புள்ளியை அடிக்க மறந்துட்டார். ஒண்ணேகால் அடி நூத்தி இருபத்தஞ்சு அடியா நிக்குது! மெஷினுக்கு என்ன தெரியும்? ஷட்டரை உச்சி வரைக்கும் தூக்கியிருக்கும். படித்துறையே முங்கியிருக்கும்.

புள்ளியைப் போட்டாங்க. வரி நேராச்சு. கிர்ர்ர்ர்னு ஷட்டர் ஏறுது. இசக்கி ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு பாக்கிறா. தண்ணி ஒரு படி ஏறுச்சு. ரெண்டாவது படி ஏறுச்சு. அப்புறம் நின்னுபோச்சு.

"எழுத்து இங்கயே இருக்கட்டும்மா"ன்னார் இன்ஜினியர். "புள்ளி விட்டுப்போனா உடனே தெரியுதே!"

சாயங்காலம் அம்மா துணி மூட்டையோட வந்து, "மழையில எங்கடி சுத்தினே?"ன்னு திட்டினா. இசக்கி ஓடிப்போய் கட்டிப்பிடிச்சவ, விடவே இல்ல. ஈரத் தலையோட அம்மா வீடு வந்தாச்சு, கதையும் வீடு வந்தாச்சு. கண்ணை மூடு.