இரண்டாவது படத்தில் ஒரு கயிறு

"நீங்களும்தான் ஏஐ வச்சுப் படம் போடுறீங்க. என் போஸ்டரை மட்டும் ஏன் நிறுத்தி வச்சீங்க மேடம்?"

வேதமுத்து நாற்பது வயதுக்கு மேல் டிசைன் படிக்க வந்தவர். ஆசிரியை நப்பின்னை அவரைவிடப் பத்து வயது சின்னவர். இருந்தும் இத்தனை நாளில் அவர் ஆசிரியையிடம் குரல் உயர்த்தியதில்லை. இன்று உயர்த்திவிட்டார்.

அவருக்கும் பொறுக்கவில்லை, பாவம். பாம்பு கடித்தால் என்ன செய்வது என்று படிக்கத் தெரியாதவர்களுக்கு நான்கு படங்களில் சொல்லும் போஸ்டர் அது. மறுநாள் அச்சுக்குப் போக வேண்டும். நாற்பது சுகாதார நிலையங்களில் ஒட்டப் போகிறார்கள். அவர் ஊரிலும்தான், அதுவும் அவர் மனைவி களையெடுக்கப் போகிற வழியில். அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோயிருந்தார்.

நான்கு படமும் கண்ணைப் பறித்தன.

நப்பின்னை சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரில் இரண்டாவது படத்தைத் தொட்டுக் காட்டினார். கடிவாய்க்கு மேலே, காலை இறுக்கி ஒரு கயிறு.

"இது எதுக்கு?"

வேதமுத்து நிறம் பார்த்திருந்தார், படங்களின் அளவு பார்த்திருந்தார். கயிற்றைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை.

"அது ஏஐ போட்டது மேடம். நான் போடலை."

அந்த வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. படம் செய்யச் சொல்வதை ஒருவர் உடம்பில் செய்து பார்த்த பிறகுதான் அச்சுக்கு அனுப்புவார்கள். அவசரத்தில் வேதமுத்து அதைத் தாண்டிப் போயிருந்தார்.

நப்பின்னை பார்சல் கட்டும் கயிற்றோடு வந்து குனிந்தார்.

"ஐயோ, காலைத் தொடாதீங்க மேடம்."

தொட்டார். முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினார். கட்டிவிட்டு, அடுத்த மேஜையில் இருந்தவரின் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

பத்து நிமிடம் போனது. பாதம் குத்தியது, பிறகு மரத்தது. வேதமுத்துவுக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது.

"மேடம், கால் மரத்துப் போச்சு. அவுத்து விடுங்க."

நப்பின்னை வந்து அவர் முன்னால் உட்கார்ந்தார். காலையில் ஒரு டாக்டருக்குப் போன் போட்டதைச் சொன்னார். பாம்பு கடித்த காலைக் கட்டவே கூடாதாம். கட்டினால் சில சமயம் காலையே எடுக்க வேண்டி வருமாம்.

பிறகு முடிச்சில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்.

"சார், இதைக் கட்டினது யாரு?"

நீங்கதான் என்று சொல்ல வாயெடுத்தார் வேதமுத்து. கண் சுவரிலிருந்த போஸ்டருக்குப் போனது. வயல் நடுவில், கயிறு கட்டிய தன் மனைவியின் காலை நினைத்தார். அங்கே அவிழ்த்துவிட யார் இருக்கிறார்கள்?

"நான்தான் மேடம்."