வேதமணியின் மஞ்சள் பந்து

“ஒருத்தரும் தலையைத் தூக்க மாட்டேங்காங்க, டீச்சர்.”

வாசலில் நின்றபடியே வேதமணி சொன்னார். வயது ஐம்பத்திரண்டு. அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பது அவர் வேலை. அதை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் நூர்ஜஹான் டீச்சர். டீச்சர் வேதமணியைவிடப் பத்து வயது இளையவர்.

டீச்சர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

“காலையில முதல் அரைமணி நேரம் உசிரு போகுது. முன்வரிசை காலி. எல்லாரும் கடைசி பெஞ்சு. நானும் பாடுதேன், ஆடுதேன், பந்து போடுதேன். நாப்பது பேரும் இழவு வீட்டுக்கு வந்த மாதிரி உக்காந்திருக்காங்க.”

“ம்.”

“நாளைக்கு அடுத்த குழு. அவங்களும் தூங்கி வழிஞ்சா ஆபீஸ்ல இனிமே என்னைக் கூப்பிட மாட்டாங்களாம். எனக்கும் அலுத்துப்போச்சு. ஆனா வேற வேலை தெரியாதே.”

டீச்சர் கீரையை ஒதுக்கி வைத்தார்.

“பந்து இருக்கா?”

இல்லாமலா? மஞ்சள் நிறப் பஞ்சுப் பந்து. அது இல்லாமல் அவர் வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை. புது விளையாட்டு ஒன்று கிடைக்கப்போகிறது என்று ஆசையாக எடுத்துக் கொடுத்தார்.

டீச்சர் அதை அவர் மேலேயே எறிந்தார்.

“பிடிங்க. பேரைச் சொல்லுங்க. அதே எழுத்துல ஒரு பழம்.”

“வேதமணி.” நெற்றியைச் சொறிந்தார். “வேப்பம்பழம்.”

“சத்தமா!”

“வேப்பம்பழம்!”

“கையைத் தட்டி இன்னொரு தரம். எங்க, சிரிச்ச முகமா!”

வேதமணி பந்தைத் தரையில் போட்டார்.

“என்ன டீச்சர் இது? நாலு மணிக்கு எந்திரிச்சு மூணு பஸ் மாறி வந்திருக்கேன். பச்சத்தண்ணி பல்லுல படல. வந்தவனை வான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“வாங்க, சார்.”

டீச்சர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். தண்ணீர்ச் செம்பை நீட்டினார். அவர் குடித்து முடித்ததும் கேட்டார்.

“அந்த நாப்பது பேரும் எத்தனை மணிக்கு எந்திரிச்சாங்களாம், சார்?”

வேதமணி செம்பைக் கீழே வைத்தார்.

“பதினோரு வருசமா... கேட்டதில்லையே, டீச்சர்.”