பட்டத்தரசிக்கு வந்த நோய்

முன்னொரு காலத்தில் மேட்டுக்குளம் என்ற நாட்டைக் கம்பீரவர்மன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். ஆண்டு வந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. நாட்டை மந்திரி உலகளந்தார் பார்த்துக்கொண்டார்; ராஜா கோழிகளைப் பார்த்துக்கொண்டார்.

அரண்மனைக் கொல்லையில் ஒரு பெருங்கூட்டமே மேய்ந்தது. அதில் சாம்பல் நிறப் பெட்டை ஒன்றின் மேல் ராஜாவுக்கு உயிர். அதற்குப் 'பட்டத்தரசி' என்று பெயர். "பட்டத்தரசி சாப்பிட்டாளா?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் மகாராணி, "இன்னும் இல்லை" என்று உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். பிறகு கேள்வி தனக்கில்லை என்று புரிந்து பல்லைக் கடிப்பாள்.

அந்தப் பட்டத்தரசி திடீரென்று முட்டையிடுவதை நிறுத்தினாள். கொண்டை வெளுத்து, இறக்கையைத் தொங்கப்போட்டு, ஒரு மூலையில் ஒடுங்கிவிட்டாள். ராஜா சபை என்றும் பார்க்காமல் அழுதார்.

அரண்மனை வைத்தியர் சர்ப்பபூஷணம் ஓடி வந்தார். ராஜாவுக்கு வலப்புறம் இருக்கும் மந்திரியின் ஆசனத்தின் மேல் அவருக்கு நெடுநாள் கண். கோழியைப் பக்கத்து அறையில் விட்டு, அதன் காலில் பட்டுநூலைக் கட்டி, மறுமுனையைச் சபையில் இருந்தபடி பிடித்து, கண்ணை மூடி நாடி பார்த்தார்.

"மகாராஜா, நாடி தெளிவாகப் பேசுகிறது. கண்ணேறு! தங்களுக்கு வலப்புறம் உட்காருகிற யாரோ ஒருவருடைய கண்."

வலப்புறம் இருந்தது ஒரே ஆசனம். உலகளந்தார் எழுந்து போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"வைத்தியரே, கோழி எப்போதோ நூலை உதறிவிட்டுப் போய்விட்டது. நூல் கதவில் சிக்கியிருக்கிறது. இவ்வளவு நேரமும் நீங்கள் நாடி பார்த்தது தாழ்ப்பாளுக்கு."

சபை குலுங்கிச் சிரித்தது. ராஜாவுக்கு மூக்கு விடைத்தது.

"என் குழந்தை சாகக் கிடக்கிறாள், உங்களுக்குச் சிரிப்பா? மந்திரியாரே, இனி கோழிகளை நீரே பாரும். பட்டத்தரசிக்கு ஏதாவது ஆனால் நீர் இந்த நாட்டில் இருக்கக் கூடாது!"

மறுநாள் விடியலில் உலகளந்தார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொல்லைக்குப் போனார். ஒவ்வொரு கோழியாகப் பிடித்துக் கண்ணைப் பார்த்தார், மூக்கில் சளி ஒழுகுகிறதா என்று பார்த்தார், எச்சத்தைக் குச்சியால் கிளறினார். கடைசியில் பட்டத்தரசியின் கழுத்தடியில் தீனிப்பையைத் தடவினார். ராத்திரி முழுக்கக் கூடடைந்த கோழிக்கு விடியும்போது தீனிப்பை காலியாக இருக்க வேண்டும். இவளுக்கோ பிசைந்த மாவு உருண்டை போல் கெட்டியாக இருந்தது.

நாலு சொட்டு எண்ணெய் விட்டு, மெல்ல நீவி, தலையைத் தாழ்த்திப் பிடித்தார். பட்டத்தரசி கக்கினாள். நெய் மணத்தது. முந்திரிப்பருப்பு விழுந்தது. குங்குமப்பூக்கூட இருந்தது.

மந்திரி சட்டென்று சுற்றுமுற்றும் பார்த்தார். குங்குமப்பூப் போட்ட நெய்ப்பொங்கல் அந்த அரண்மனையில் ஒரே தட்டுக்குத்தான் போகும்.

"நீயாவது கக்கிவிட்டாய். நான் எப்படியம்மா கக்குவது?" என்றார் கோழியிடம்.

அன்று மதியம் அவர் கொல்லையிலேயே உட்கார்ந்திருந்தார். ராஜா மடியில் பட்டுத்துணி மூட்டையோடு பூனைநடை நடந்து வந்தார். மந்திரியைக் கண்டதும் நின்று, முருங்கைமரத்தை அண்ணாந்து பார்த்து, "ஆகா, என்ன அழகான மரம்!" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். மறுநாளும் வந்தார். மறுநாளும் மரம் அழகாகவே இருந்தது. பொங்கல் நின்றதும் பட்டத்தரசியின் கொண்டை சிவந்தது. அந்த வாரக் கடைசியில் முட்டையும் இட்டாள்.

உலகளந்தார் முந்திரிப்பருப்பை ஒரு தட்டில் வைத்துச் சபைக்குக் கொண்டுவந்தார்.

"வைத்தியரே, கண்ணேறு இல்லை. யாரோ கோழிக்கு நெய்ப்பொங்கல் ஊட்டியிருக்கிறார்கள்."

விசுவாசத்தைக் காட்ட இதைவிட நல்ல நேரம் ஏது? சர்ப்பபூஷணம் துள்ளி எழுந்தார். "எவன் அவன், மூளை கெட்டவன்?"

"பாவம், அன்பினால் செய்திருக்கலாம்."

"அன்பா? கொழுப்பு!"

"பெரிய இடத்து ஆளாக இருந்தால்?"

"எவ்வளவு பெரிய இடமோ அவ்வளவு பெரிய மடையன்!"

ராஜா சிம்மாசனத்தில் நெளிந்தார்.

"தண்டனை என்ன கொடுக்கலாம்?" என்றார் உலகளந்தார்.

"ஒரு பகல் முழுக்கக் கோழிக்கூண்டில் அடைத்துத் தவிடு தின்ன வைக்க வேண்டும்! யாராக இருந்தாலும் சரி!"

"சபை கேட்டுக்கொண்டது" என்றார் மந்திரி. "வைத்தியரே, தினமும் மதியம் குங்குமப்பூப் பொங்கலை நீங்கள்தானே ருசி பார்த்து அனுப்புகிறீர்கள்? யார் தட்டுக்கு?"

சர்ப்பபூஷணத்தின் கழுத்து மெதுவாகச் சிம்மாசனத்தின் பக்கம் திரும்பியது. முதலில் சிரித்தது திரைக்குப் பின்னால் இருந்த மகாராணி.

"உமக்கு எப்போது தெரியும்?" என்றார் ராஜா, ஈனக் குரலில்.

"முருங்கைமரத்தை நீங்கள் அவ்வளவு ரசித்தபோது, மகாராஜா."

"ஆசையாகத்தானே ஊட்டினேன்... நானா அவளைக் கொல்லப் பார்த்தேன்?"

"ஆசையில் குறையில்லை, மகாராஜா. அவள் வயிறு கோழி வயிறு. தானியமும் புழுவும் போதும்."

ராஜா கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தார். "சபையில் சொன்ன தண்டனை தண்டனைதான்."

வைத்தியர் தடாலென்று காலில் விழுந்தார். "தெரியாமல் சொல்லிவிட்டேன் பிரபு!"

"அதெப்படி ராஜாவைத் தனியாகக் கூண்டுக்கு அனுப்புவது?" என்றார் உலகளந்தார். "உள்ளே உடம்புக்கு ஏதாவது ஆனால் பக்கத்தில் வைத்தியர் வேண்டாமா?"

"வேண்டும், வேண்டும்" என்றார் ராஜா.

கூண்டில் பட்டத்தரசியை மடியில் வைத்துக்கொண்டு ராஜா சுகமாகச் சாய்ந்திருந்தார். வைத்தியரின் தலைப்பாகையைச் சேவலுக்குப் பிடித்துப்போய், பொழுது சாயும்வரை அதைக் கொத்திக்கொண்டே இருந்தது. வெளியே வந்ததும் ராஜா தலையில் ஒட்டிய வைக்கோலைத் தட்டினார்.

"உள்ளே போன கொஞ்ச நேரத்தில் இந்த ஆள் பேச்சை நிறுத்திவிட்டார். அதன்பிறகு என்னைப் புகழ யாருமில்லை. நிம்மதியாக இருந்தது" என்றார்.

தன் பொற்காப்பைக் கழற்றி உலகளந்தாருக்குப் போட்டார். கோழிகளின் உடம்பைத் தினமும் பார்க்கும் பொறுப்பை வைத்தியரிடம் கொடுத்தார். பார்த்ததைச் சபையில் வந்து சொல்லவும் வேண்டும்.

மறுநாள் சபை கூடியது. வெளிநாட்டுத் தூதர்களும் வந்திருந்தார்கள். சர்ப்பபூஷணம் கையில் குச்சியோடு, தரையைப் பார்த்தபடி முணுமுணுத்தார்.

"மகாராஜா... எச்சம்... கெட்டியாக இருக்கிறது. நுனியில் வெள்ளை."

ராஜா காதில் கை வைத்துக் குனிந்தார்.

"உரக்கச் சொல்லும் வைத்தியரே! தூதர்களுக்குக் கேட்கவில்லை!"